தண்ணீர் இல்லாமல் பள்ளி திறக்கலாமா?

கனடாவில் பூர்வகுடிகளுக்கென ஒதுக்கிய நிலப்பகுதிகளில், கோவிட் பெருந்தொற்றுக்கு இடையே பள்ளிகளைப் பாதுகாப்பாகத் திறக்க 11.2 கோடி டாலர் தருவதாக அந்நாட்டு அரசு 2020 ஆகஸ்டில் அறிவித்தது. வரவேற்கிறோம். ஆனால் முகக்கவசமும் கிருமிநாசினியும் வாங்கிக் கொடுத்தால் போதுமா? வட ஒன்டாரியோவின் நெஸ்கன்டாகாவில் 1995 முதல் குழாய்நீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். அதே 2020 அக்டோபரில் ஊரின் நீர்த்தொட்டியில் எண்ணெய்ப் படலம் தென்பட, குழாய்கள் மூடப்பட்டன. பெருந்தொற்றின் நடுவே ஊர்மக்களில் பெரும்பாலோர் தண்டர் பே நகருக்கு இடம்பெயர்ந்தனர். ஆளில்லாத ஊரில் எந்தப் பள்ளியைத் திறப்பது?

வகுப்பில் தொற்றும் கிருமி, நெரிசலான வீட்டில் தாத்தா பாட்டியையும் எளிதில் எட்டிவிடும். பல ஊர்களில் தாய்மொழியைச் சரளமாகப் பேசுவோர் அவர்களே. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பப் பெற்றோர் தயங்கியதற்குப் பின்னால் கொடிய வரலாறும் இருக்கிறது. பூர்வகுடிக் குழந்தைகளை அடைத்த உறைவிடப் பள்ளிகளில் நெரிசலும் காற்றோட்டமின்மையும் காசநோயைப் பரப்புவதை மருத்துவர் பீட்டர் பிரைஸ் 1907-லேயே அறிக்கையாகத் தந்தார். அரசு அசையவில்லை.

இத்தகைய பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளி திறக்கும் நாளை அந்தந்த ஊர்ச் சபையே முடிவு செய்யட்டும். திறக்காத ஊர்களுக்கு இணைய வசதியும் அச்சிட்ட பாடங்களும் போய்ச் சேர வேண்டும். குடிநீரையும் வகுப்பறைக் காற்றோட்டத்தையும் சீர்செய்யும் செலவை இத்தகைய நிதியோடு சேர்த்தே அரசு ஒதுக்க வேண்டும்.