வாத்தியம் இல்லாமல் நிற்கிற பாட்டு

நருட்டோ, டீமன் ஸ்லேயர் போன்ற ஜப்பானிய அனிமேத் தொடர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் கழுகுமலை, கோவில்பட்டிப் பக்கமும் இருக்கிறார்கள். நாலு பேர் சேர்ந்து ஜப்பானியப் பாட்டை வாத்தியமே இல்லாமல் பாட ஆசைப்பட்டால் தாராளமாகப் பாடட்டும். ஆனால் அனிமே பிடித்துவிட்டது என்பதற்காக மட்டும் அதன் பாட்டை எடுக்க வேண்டாம். அனிமேப் பாட்டுகளில் பல, கிதாரும் டிரம்ஸும் தூக்கிப் பிடிப்பவை. உச்ச ஸ்தாயியில் தொண்டையைப் பதம் பார்ப்பவை. என் ஓட்டு, ஜப்பானியப் பாடகர் கியூ சகாமோட்டோ 1961-இல் பாடிய ‘உஎ ஓ முயித்தே அருக்கோ’வுக்குத்தான். ‘சுகியாகி’ என்ற பெயரில் 1963-இல் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டு அது. மெட்டு பெரும்பாலும் ச ரி க ப த என்று ஐந்து ஸ்வரங்களில் நடப்பதால், மோகனம் கேட்டுப் பழகிய காதுக்கு அந்நியமாக இருக்காது. ஒருவர் மெட்டைப் பாட, இன்னொருவர் கீழ்க்குரலில் சுருதியைப் பிடித்துக்கொள்ள, மூன்றாமவர் விசிலடிக்கலாம். மூலப் பாட்டிலேயே விசில் உண்டு. குரல்களே போதும் என்பதை ஏ.ஆர். ரகுமான் ‘திருடா திருடா’ படத்தின் ‘ராசாத்தி’ பாட்டில் 1993-லேயே காட்டிவிட்டார். கழுகுமலை முருகன் மேல் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் பாடிய காவடிச்சிந்துக்கும் இதுதான் பலம்: தாளம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே பாட்டை முடிவு செய்யுமுன், கைத்தாளம் மட்டும் போட்டு ஒற்றைக் குரலில் ஒரு தடவை பாடிப் பாருங்கள். நிற்கிற பாட்டை எடுங்கள். தள்ளாடுகிற பாட்டை, எத்தனை கோடிப் பேர் கேட்டிருந்தாலும், விட்டுவிடுங்கள்.