குற்றவாளிக்கு 300 மணி, வேலையற்றவனுக்கு 780 மணி!

இங்கிலாந்திலே ஒருவன் குற்றம் புரிகிறான். வழக்கு மன்றத்திலே நிறுத்தப்படுகிறான். சிறைக்கு அனுப்புவதைவிட ஊருக்கு உழைக்கச் செய்வதே மேல் என்று நீதிபதி கருதினால், கூலியில்லாச் சமூகப் பணியைத் தண்டனையாக விதிக்கிறார். அந்தத் தண்டனைக்கும் சட்டம் ஓர் எல்லை வகுத்திருக்கிறது: 300 மணி நேரம். அதற்கு மேல் அவனிடம் ஒரு மணி நேர உழைப்பையும் வாங்க இயலாது.

அதே இங்கிலாந்திலே, வேலை கிடைக்கவில்லை என்பதைத் தவிர வேறு குற்றம் ஏதும் அறியாத மனிதனுக்கு, 2014 ஏப்ரல் திங்களில் அன்றைய கன்சர்வேடிவ் - லிபரல் கூட்டணி அரசு விதித்தது எவ்வளவு? வாரத்துக்கு 30 மணி வீதம் 26 வாரங்கள் வரை, ஆக 780 மணி! மறுத்தால் முதன்முறை நான்கு வாரமும், மறுமுறை பதின்மூன்று வாரமும் உதவித்தொகை நிறுத்தப்படும். இதற்குச் சூட்டிய பெயரோ சமூகப் பணிப் பயிற்சி!

கூலி எவ்வளவு என்று கேட்பீர்கள். கூலி கிடையாது. வேலை தேடுவோருக்குரிய வழக்கமான உதவித்தொகை உண்டு. 25 வயது கடந்தவருக்கு அந்நாளில் வாரம் 72 பவுன் 40 பென்ஸ். முப்பது மணிக்கு வகுத்தால் மணிக்கு 2 பவுன் 41 பென்ஸ். அவ்வாண்டு அக்டோபரில் அதே அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியோ மணிக்கு 6 பவுன் 50 பென்ஸ். முதலாளி குறைத்துக் கொடுத்தால் சட்டமீறல். அரசே குறைத்துக் கொடுத்தால் பயிற்சி!

"வீட்டிலே முடங்கிக் கிடப்பதைவிட இது மேலன்றோ?" என்பாரும் உளர். அவர்கள் கூற்றிலே ஓரளவு உண்மை இருக்கிறது, மறைப்பானேன்? வேலையின்மை மனிதனை உள்ளிருந்தே அரிக்கும். 1930-களின் தொடக்கத்தில், ஆலை மூடப்பட்ட மரியெந்தால் என்னும் ஆஸ்திரியச் சிற்றூரை ஆராய்ந்தவர்கள் கண்டது என்ன? மக்களுக்கு நேரம் மிகுந்தது. நூல் நிலையக் கட்டணமும் நீக்கப்பட்டது. ஆயினும் நூல் எடுத்துச் செல்வது பாதியளவுக்குக் குறைந்துவிட்டது! ஆகவே காலையில் எழுந்து செல்ல ஓரிடம் வேண்டும், கைக்கு ஒரு தொழில் வேண்டும் என்பதிலே நமக்குக் கருத்து வேறுபாடு இல்லை. அந்த இடத்திலே அவன் தொழிலாளியாக நிற்கிறானா, தண்டனை பெற்றவனாக நிற்கிறானா என்பதுதான் கேள்வி.

இக்கேள்விக்கு விடை தேடி நாம் அலைய வேண்டியதில்லை. அந்த அரசின் ஏடுகளிலேயே விடை கிடக்கிறது.

2009 அக்டோபரில், தொழிற்கட்சி ஆட்சியின்போது, எதிர்கால வேலை நிதி என்றொரு திட்டம் தொடங்கப்பட்டது. நெடுநாள் வேலையற்றிருந்த இளைஞர்களுக்கு ஆறு மாத வேலை, வாரம் 25 மணி, குறைந்தபட்சக் கூலி, செய்யும் பணி ஊருக்குப் பயன்பட வேண்டும் என்ற நிபந்தனை. நகரமன்றங்களும் தொண்டு நிறுவனங்களும் வேலை தந்தன. ஏறத்தாழ 1,05,000 வேலைகள் நிரம்பின. 2010 மே மாதம் ஆட்சி மாறிற்று. செலவு மிகுதி, பயன் இல்லை என்று கூறிப் புதிய அரசு அதை ஒழித்துக் கட்டிற்று. ஒழித்த பிறகு, 2012 நவம்பரில், அவ்வரசின் துறையே வெளியிட்ட ஆய்வு யாது கூறிற்று? சேர்ந்து ஈராண்டு கழிந்தபின், அத்திட்டத்திலே சேராத ஒத்த நிலையினரைவிட நூற்றுக்குப் பதினொருவர் கூடுதலாக, அரசின் மானியம் இல்லாத வேலையிலே இருந்தனர்! ஆளொன்றுக்கு 7,750 பவுன் அளவு நாட்டுக்கு நிகர நன்மை என்றும் கணக்கிட்டது.

இனிக் கூலியில்லாத் திட்டத்தைப் பாருங்கள். 2011-இல் கூட்டணி அரசு கட்டாயப் பணித் திட்டம் ஒன்றை நடத்திற்று. நான்கு வாரம், வாரத்துக்கு முப்பது மணி வரை. 2012 ஜூனில் அதே துறையின் ஆய்வு வெளிவந்தது: வேலை கிடைப்பதிலே எவ்வித முன்னேற்றமும் இல்லை என்று. அதைக் கண்டு அரசு திட்டத்தைக் கைவிட்டதா? இல்லை, விரிவாக்கிற்று! நான்கு வாரம் பயன் தரவில்லை. ஈராண்டுக்குப் பின் இருபத்தாறு வாரமாக்கினர். மருந்து பலிக்கவில்லையென்றால் அளவைக் கூட்டும் வைத்தியம் இது.

ஏன் இந்த வேறுபாடு? கூலி பெற்ற இளைஞனிடம் வேலை ஒப்பந்தம் இருந்தது. சம்பளச் சீட்டு இருந்தது. அடுத்த முதலாளியிடம் "அங்கே வேலை பார்த்தேன்" என்று நிமிர்ந்து சொல்ல முடிந்தது. கூலியின்றி உழைத்தவனிடமோ, உதவித்தொகை அலுவலகம் தன்னை அனுப்பியதற்கான சான்றுதான் இருந்தது. கடையிலே இலவசமாக ஆள் கிடைக்கும்போது, கூலி கொடுத்து ஆள் வைக்க எந்த முதலாளிக்குத்தான் மனம் வரும்?

நீதிமன்றமும் இதைத் தொட்டது. பர்மிங்காமிலே பேனா அருங்காட்சியகமொன்றில் தாமாகவே தொண்டு செய்துவந்த மண்ணியல் பட்டதாரிப் பெண்ணை, அதை விட்டுவிட்டுப் 'பவுண்ட்லாண்ட்' மலிவு விலைக் கடையிலே ஊதியமின்றி உழைக்கச் செய்தனர். 2013 பிப்ரவரியில் மேல்முறையீட்டு மன்றம் அந்த விதிகள் செல்லா என்றது. உடனே, மார்ச்சிலேயே, முன்தேதியிட்டு ஒரு சட்டம்! பறித்த உதவித்தொகையைத் திருப்பித் தந்தால் 13 கோடிப் பவுன் ஆகும் என்ற அச்சம் அரசுக்கு. எதிர்க்கட்சியாயிருந்த தொழிற்கட்சியோ, தன் உறுப்பினர் சிலர் எதிர்த்து வாக்களித்தும், வாக்களியாமல் ஒதுங்கி நின்றது. தொழிலாளர் பெயரைத் தாங்கிய கட்சிக்கு இதைவிடத் தலைக்குனிவு வேறென்ன வேண்டும்?

நூற்றுக்கணக்கான தொண்டு நிறுவனங்கள் "எங்களிடம் கட்டாயத் தொண்டு வேண்டா" என்று கையொப்பமிட்டன. இலவச உழைப்பைப் பெற்ற நிறுவனங்களின் பெயர்களை வெளியிடாதிருக்க அரசு ஆண்டுக்கணக்கில் வழக்காடிற்று. 2016 மார்ச்சு முடிவோடு அத்திட்டத்துக்கு ஆட்களை அனுப்புவது நின்றது.

இப்போது அதே தொழிற்கட்சி ஆட்சியிலே இருக்கிறது. 2025 செப்டம்பரில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் அம்மையார், பதினெட்டு மாதம் வேலையற்றிருக்கும் இளைஞர்க்கு ஊதியத்தோடு கூடிய வேலை உறுதி என்று அறிவித்தார். கூலி திரும்ப வந்தது, வரவேற்கிறோம். ஆனால் தக்க காரணமின்றி மறுப்போர் உதவித்தொகையை இழக்க நேரும் என்ற வாசகமும் கூடவே வந்திருக்கிறதே! தக்க காரணம் எது என்று தீர்மானிப்பவர் யார்? நிலவியல் படித்தவளை மீண்டும் அலமாரி அடுக்க அனுப்பினால், "வேண்டாம்" என்பது தக்க காரணமாகுமா, ஆகாதா? வேலை தரும் நிறுவனங்களின் பெயர்ப்பட்டியல் இம்முறையாவது முதல் நாளே வெளிவருமா? அந்நாட்டுத் தொழிற்சங்கங்கள் இவற்றுக்கு எழுத்திலே பதில் பெற்றாக வேண்டும்.