கடைசி அரைமணி நேர வேலை

லாரி தயாரிக்கும் நிறுவனங்களின் சர்வீஸ் பிரிவுத் தலைவர்களுக்கு,

நாமக்கல்லில் கியர் பாக்ஸ் பட்டறை நடத்துகிறவன் எழுதுகிறேன். இந்த மடல் ஒரு கம்பெனிக்கு மட்டும் எழுதியது இல்லை. ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் போட்ட லாரியை எங்கள் ஊர்க்காரர்களிடம் விற்றுவிட்டு, அதன் கம்ப்யூட்டரைத் தொடுகிற உரிமையை மட்டும் டீலரிடமே நிறுத்திக்கொண்ட எல்லோருக்கும் எழுதியது.

அண்மையில் சங்ககிரிக்காரர் ஒருவருடைய வண்டி பட்டறைக்கு வந்தது. சிமென்ட் லோடு அடிக்கிற வண்டி, வாரண்டி முடிந்தது. கியர் பாக்ஸுக்குள் பேரிங் உடைந்து, தூள் போய்ப் பல்லையெல்லாம் தின்றிருந்தது. சரிசெய்கிற செலவைக் கணக்குப் பார்த்துவிட்டு, விபத்தில் அடிபட்ட வேறொரு வண்டியிலிருந்து நல்ல கியர் பாக்ஸ் ஒன்றை வாங்கி வந்தார். நானும் பையன்களும் பழையதை இறக்கினோம். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் புதிதாகப் போட்டு, வாங்கி வந்ததை ஏற்றி, ஆயில் ஊற்றி, ஏர் லைன் மாட்டி, ஒயரிங் கப்ளர்களைப் பூட்டினோம். இரும்பு வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சாவியைத் திருப்பியதும் மஞ்சள் விளக்கு. டி-யில் போட்டதும் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துவிட்டது.

காரணம் உங்களுக்குத் தெரியும். வண்டி வைத்திருக்கிறவர்களுக்கும் தெரியட்டும் என்று சொல்கிறேன். இந்த லாரிகளில் இருப்பது உள்ளுக்குள் நம் பழைய கியர் பாக்ஸ்தான். டிரைவரின் காலும் கையும் செய்த வேலையைக் காற்று சிலிண்டர்கள் செய்கின்றன, அவற்றுக்கு ஒரு கம்ப்யூட்டர் உத்தரவு போடுகிறது. கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்க ஆரம்பிக்கிறது என்பதை அது நினைவில் வைத்திருக்கும். தேய்ந்த பிளேட்டுக்கு அது ஓர் இடம், புது பிளேட்டுக்கு வேறோர் இடம். ஒவ்வொரு கியரிலும் ஃபோர்க் எதுவரை நகர்ந்தால் பல் முழுதாக விழுந்தது என்பதும் அப்படித்தான். ஒரே மாடல் கியர் பாக்ஸ் இரண்டை எடுத்தாலும் மில்லிமீட்டரில் சிறு பங்காவது வித்தியாசம் இருக்கும். நாங்கள் மாட்டியது வேறு பெட்டி; கம்ப்யூட்டரின் நினைவில் இருந்தது பழைய பெட்டியின் கணக்கு. பிடிக்காத இடத்தில் பிடித்துவிட்டதாக அது நினைத்தால் வண்டி குலுங்காமல் என்ன செய்யும்?

இதோடு தீராத கணக்குகள் இன்னும் உண்டு. டைரக்ட் டிரைவ் பெட்டியில் கடைசி கியர் 1-க்கு 1. ஓவர்டிரைவ் பெட்டி என்றால் அது 0.78-ஐ ஒட்டி இருக்கும். எது ஏறியிருக்கிறது, பின்னால் கிரவுன் பினியன் என்ன விகிதம், டயர் என்ன அளவு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லியாக வேண்டும். சில வண்டிகளில் ஏற்றம் இறக்கத்தை அளக்கும் சென்சாரையும் சமதளத்தில் நிறுத்திப் புதிதாகப் பழக்க வேண்டும். இல்லாவிட்டால் சமதளத்தையே ஏற்றம் என்று எடுத்துக்கொண்டு தப்பான கியரில் கிளம்பும். டார்க் கன்வெர்ட்டர் உள்ள முழு ஆட்டோமேட்டிக் வண்டிகளிலும் இதே கதைதான். பெட்டியை மாற்றியதும் வேகமாகக் கற்றுக்கொள்கிற நிலைக்குக் கம்ப்யூட்டரைக் கொண்டுவராவிட்டால், ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் இடி விழும்.

இதையெல்லாம் சரிசெய்கிற வேலையை உங்கள் சர்வீஸ் சென்டரில் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பார்க்கிங் பிரேக் போட்டு, ஏர் முழுதாக ஏறும்வரை இன்ஜினை ஓடவிட்டார்கள். டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கிற போர்ட்டில் லேப்டாப்பை மாட்டினார் ஒரு தம்பி. உள்ளே புஸ் புஸ் என்று காற்று போகிற சத்தம். ஃபோர்க் ஒவ்வொரு வாசலாகப் போய்த் தொட்டுத் திரும்புவது வெளியே நின்றாலே காதில் விழும். திரையில் கிளட்ச் பிடிக்கிற இடத்தின் எண் வந்து நின்றதும் அவர் எழுந்துவிட்டார். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அந்தத் தம்பிக்கு நல்ல பயிற்சி கொடுத்திருக்கிறீர்கள், அதில் எனக்கு மனத்தாங்கல் கிடையாது. அதே பயிற்சியைப் பணம் கட்டிக் கற்றுக்கொள்கிறேன் என்று நான் கேட்டபோது, டீலருக்கு மட்டும்தான் என்று பதில் வந்ததே, என் குறை அங்கேதான் இருக்கிறது.

சங்ககிரிக்காரர் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு சேலம் போனார். அங்கே வரிசை. முறை வந்த பிறகு, கியர் பாக்ஸ் வெளியில் வாங்கியது, எங்கள் ரெக்கார்டில் இல்லை என்று பேச்சு. லோடு போனது, வாடகை போனது, டியூ தேதி மட்டும் நகராமல் நின்றது. ஒருவழியாக வண்டி ஓடி வந்தபின் பட்டறை வாசலில் நின்று அவர் சொன்னது இது: “ஏனுங்ண்ணா, பெட்டிய எறக்கி ஏத்துன கூலியவிட லேப்டாப் மாட்டுன கூலி சாஸ்தியாப் போச்சுங்களே.” அந்தக் கியர் பாக்ஸ் அவர் காசு கொடுத்து வாங்கியது. லாரியும் அவருடையது. அதற்குள் இருக்கிற கம்ப்யூட்டர் மட்டும் எப்படி உங்களுடையதாக இருக்க முடியும்?

பாதுகாப்பு என்று சொல்வீர்கள். நானும் அதையேதான் சொல்கிறேன். கம்ப்யூட்டருக்குப் பழக்காத கியர் பாக்ஸோடு, எப்படியாவது ஓட்டிப் போய்ச் சேர்த்துவிடலாம் என்று கிளம்புகிற டிரைவர்களை நான் பார்க்கிறேன். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லோடு வண்டியின் கியர் விழாமல் நியூட்ரலில் நின்றுவிட்டால், இன்ஜின் பிரேக் இருந்தும் பிரயோஜனம் இல்லை. சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் தொடர்பே அறுந்துபோகும். மிச்சம் இருப்பது கால் பிரேக் மட்டும், அதுவும் சூடேறினால் பிடிக்காது. அந்தச் சாலையில் போன உயிர்களை இந்தப் பக்கத்து லாரிக்காரர்கள் யாரும் மறக்கவில்லை. கம்ப்யூட்டருக்கு நீங்கள் போட்ட பூட்டு அந்த டிரைவரைக் காப்பாற்றுவதில்லை, பழக்காத வண்டியோடு ரோட்டில் இறக்கிவிடுகிறது.

பூட்டு இருப்பதால் இன்னொன்றும் நடக்கிறது. எங்கிருந்தோ வருகிற நகல் ஸ்கேனரும் திருட்டு மென்பொருளும் பட்டறைகளில் புழங்குகின்றன. பாதி வேலையில் தொடர்பு அறுந்து, கம்ப்யூட்டரே செத்துப்போன வண்டி என் கண்முன் நின்றிருக்கிறது. முறையான வழி இருந்தால் அந்தத் திருட்டு நகலை யார் தேடுவார்கள்?

புகை அளவுக் கணக்கைத் திறந்துவிடச் சொல்லி நான் கேட்கவில்லை. சாவிப் பூட்டின் ரகசியமும் எனக்கு வேண்டாம். வேகக் கட்டுப்பாட்டைக் கழற்றுகிற வழியைக் கேட்கிறவனை என் பட்டறைக்குள்ளேயே விடமாட்டேன். கிளட்ச், கியர், சாய்வு சென்சார் பழக்குகிற பகுதியை மட்டும் தனியாகப் பிரித்துக் கொடுக்க உங்களால் முடியும். டீலரின் ஆட்களுக்கே ஆளுக்கேற்ற அனுமதி வைத்துத்தானே கொடுக்கிறீர்கள்?

சட்டம் புதிதாகப் பிறக்க வேண்டியதும் இல்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகத்தையும் பழுதறியும் கருவியையும் வெளிப் பட்டறைகளுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தார்கள் என்பதுதான் குற்றம். அது கார்க்காரர்களின் வழக்கு, மேல்முறையீட்டுக்கும் போனது, என்றாலும் ஆணையம் சொன்ன நியாயம் லாரிக்குப் பொருந்தாதா? அமெரிக்காவில் 2015-லேயே கனரக வண்டித் தயாரிப்பாளர்கள் வெளிப் பட்டறைகளோடு இதற்கென ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது ஐரோப்பாவின் 2009-ஆம் ஆண்டு யூரோ-6 விதி. கனரக வண்டிகளின் புகையைப் பற்றிய அந்த விதியின் தலைப்பிலேயே, பழுதுபார்க்கும் தகவல் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்பதும் சேர்ந்தே இருக்கிறது. அந்த யூரோ-6-ஐப் பின்பற்றித்தான் நமக்கு 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தது. புகை அளவும் வந்தது, அதற்கான சென்சாரும் வந்தது, வண்டியின் விலையும் ஏறியது. தலைப்பின் இரண்டாவது பாதி மட்டும் நாமக்கல் வந்து சேரவில்லை. பழுதுபார்க்கும் உரிமைக்காக நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய இணையதளத்தில் வாகனமும் ஒரு பிரிவு. ஆனால் ஒரு கியர் பாக்ஸைப் பழக்குகிற மென்பொருள் அதன் வழியாக என் பட்டறைக்கு வரவில்லை.

இலவசமாக எதையும் கேட்கவில்லை. பயிற்சிக்குக் கட்டணம் சொல்லுங்கள், கட்டுகிறேன். தேர்வு வையுங்கள், எழுதுகிறேன். வருடச் சந்தா ஒத்துவராது என்றால் ஒரு வண்டிக்கு இவ்வளவு என்று வையுங்கள். என் பெயரில் ஒரு அடையாள எண் கொடுத்து, எந்த சேசிஸில் எந்தத் தேதியில் என்ன மாற்றினேன் என்பது உங்கள் சர்வரில் பதிவாகட்டும். தப்பு செய்தால் என் அனுமதியை ரத்து செய்யுங்கள். இந்த நிபந்தனைகளைத் தமிழில் எழுதி எங்கள் லாரி உரிமையாளர் சங்கத்துக்கும் பட்டறைக்காரர்களுக்கும் அனுப்பிவைத்தால், முதல் ஆளாக விண்ணப்பம் போட நான் தயார்.

இப்படிக்கு,
கியர் பாக்ஸ் பட்டறைக்காரன்,
நாமக்கல்.