சோறு இறங்கவில்லையா? பழைய சீட்டைத் தேடி எடுங்கள்!

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு மருமகள் கேட்கிறார்: "எங்க அத்தைக்கு ஒன்பது வருஷத்துக்கு முந்தி மார்புப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆச்சு. நல்லாத்தான் இருந்தாங்க. இப்ப ரெண்டு மாசமா சோறு நெஞ்சுல நிக்குதுன்னு சொல்லுதாங்க. 'வாய்வுதான், பழையதைக் கரைச்சுக் குடு, போதும்'ங்காங்க. அந்த நோய்க்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா?"

இருக்கலாம், சகோதரி. அதனால்தான் தாமதிக்கக் கூடாது என்கிறேன்.

உணவுக்குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள தசைக்குழாய். அதில் வரும் புற்றுநோய் பெரும்பாலும் அதன் உள்தோலிலேயே தோன்றுவது. புகையிலையும் மதுவும் அதற்கு முக்கியக் காரணங்கள். தசையில் தோன்றும் சார்கோமா, நிணநீர்ச் செல்களில் வரும் லிம்போமா, நிறமிச் செல்களில் வரும் மெலனோமா எல்லாம் அபூர்வம். இன்னொரு வகை, வேறிடத்தில் பிறந்து இங்கே குடியேறுவது. தைராய்டு, நுரையீரல், இரைப்பை ஆகியவை பக்கத்து வீடுகள். அங்கிருந்து நேராகவே பரவலாம். மார்பிலிருந்து வருவது அபூர்வம்தான். ஆனால் சிகிச்சை முடிந்து பல வருஷம் கழித்தும் தலைகாட்டும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. இப்படி வரும் புற்று உள்தோலுக்கு அடியில் இருக்கும், அல்லது வெளியிலிருந்து குழாயை அழுத்தும். எண்டோஸ்கோப்பியில் உள்தோல் வழவழப்பாகத் தெரியலாம். சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தாலும் 'ஒன்றுமில்லை' என்று வரலாம். பழைய ஆபரேஷனைச் சொன்னால்தான் டாக்டர் அத்தோடு விடாமல் ஸ்கேனும் பார்ப்பார். சிகிச்சையும் மாறும். மார்பிலிருந்து வந்தது என்றால் பெரும்பாலும் குழாயை வெட்டி எடுப்பதில்லை. ஹார்மோன் மாத்திரை, மருந்து, கதிர்வீச்சு என்று போகும். அடைப்பு அதிகமானால் ஸ்டென்ட் வைத்துச் சாப்பிட வழி செய்வார்கள்.

எல்லாமே புற்றுதான் என்று பதற வேண்டாம். முன்பு மார்பில் கொடுத்த கதிர்வீச்சால் குழாய் சுருங்கியிருக்கலாம். இரும்புச்சத்துக் குறைந்த சோகையாலும் பெண்களுக்கு விழுங்கச் சிரமம் வருவதுண்டு. எது என்று பார்த்தால்தானே தெரியும்?

பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு இந்த வாரமே கூட்டிப் போங்கள். ஆபரேஷன் சீட்டு, சதைப் பரிசோதனை ரிப்போர்ட், சாப்பிட்ட மாத்திரைகளின் பெயர், காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கேட்பதற்கு முன்பே, "இவங்களுக்கு மார்புல ஆபரேஷன் ஆகியிருக்கு" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அத்தை கூச்சப்பட்டு மறைத்துவிடக்கூடும்.

அதுவரை குழைந்த சாதம், கஞ்சி, மசித்த பருப்பு என்று நிமிர்ந்து உட்காரவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கரைத்துக் கொடுப்பது பசியை ஆற்றும், நோயை ஆற்றாது. தண்ணீரும் இறங்காமல் போனாலோ, குடிக்கும்போது புரையேறினாலோ அன்றைக்கே கிளம்புங்கள்.