மடிக்கணினிக்குப் புது மூளை பொருத்தலாமா?

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து நாம் புறப்படும் வேளையில், திருப்பதியில் வாழும் அன்பர் ஒருவர் தம் மனைவியாருடன் நம்மை அணுகினார். ஆரணிப் பக்கத்திலிருந்து பிழைப்பு நாடி வந்த குடும்பம். கையில் ஒரு பை. பையினுள் உயிரற்றுப் போன ஒரு மடிக்கணினி. “அண்ணா, சீட்டெடுத்த பணம் 28,000 ரூபாய் இதிலே போய்விட்டது. பையன் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை” என்று அந்த அம்மையார் கூறும்போதே குரல் கம்மிற்று.

மகன் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். நான்கு ஆண்டுகளுக்கு முந்திய ‘கேமிங் லாப்டாப்’ ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கி, படிப்புக்கும் விளையாட்டுக்கும் வைத்திருந்தான். புதிய மென்பொருள்கள் அதில் தள்ளாடின. கிராபிக்ஸ் கார்டையும் பிராசஸரையும் புதியனவாக மாற்றித் தருவதாக ஒரு கடையில் ஒப்புக்கொண்டனராம். மாற்றிய பின் பதினொரு நாள் ஓடிற்று. பன்னிரண்டாம் நாள் திரை இருண்டது. கேட்கப் போனால், கடைக்காரர் கையெழுத்திட்ட சீட்டை நீட்டினார். வேலை முடிந்த பின் போர்டுக்குப் பொறுப்பில்லை என்று அதில் தெலுங்கில் எழுதியிருந்தது. அன்பருக்குத் தெலுங்கு சரளமாகப் பேச வரும், படிக்க வராது. சித்தூரிலும் திருப்பதியிலும் நம்மவருள் இப்படிப்பட்டவர் எத்தனை பேர் என்பதை நேயர்களே அறிவர்.

கடைக்காரர் ஏமாற்றினாரா, அறியாமையால் செய்தாரா என்று நாம் தீர்ப்புக் கூற வரவில்லை. அவர் ஒப்புக்கொண்ட வேலை செய்யத்தக்கதுதானா என்பதே நாம் ஆராய வேண்டியது.

மேசைக் கணினியில் கிராபிக்ஸ் கார்டு என்பது தனி அட்டை. அலமாரியின் இழுப்பறையைப் போல் உருவி எடுத்து வேறொன்றைச் செருகலாம். மடிக்கணினியிலோ, மிகப் பெரும்பாலானவற்றில், அந்தச் சிப்பும் பிராசஸரும் மதர்போர்டின் மீதே பற்றவைக்கப்பட்டுள்ளன. சிப்பின் அடிப்புறத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நுண்ணிய பற்றுருண்டைகள் இருக்கும். ஈயம் கலவாத அவ்வுருண்டைகள் உருக ஏறத்தாழ 217 டிகிரி வெப்பம் வேண்டும். அவ்வளவு சூடேற்றிப் பெயர்த்து, வேறு சிப்பை நூலிழை பிசகாமல் உட்கார்த்தினாலும், பலகை சிறிது வளைந்தால் போதும், சில நாளில் இணைப்பு விட்டுவிடும். அந்தப் பதினொரு நாளின் இரகசியம் இதுவாகவே இருக்கக்கூடும்.

ஒட்டுவது ஒன்றே தடை என்று எண்ணிவிட வேண்டா. ஒவ்வொரு தலைமுறைச் சிப்புக்கும் கால்களின் அமைப்பு வேறு, உடனிருக்கும் நினைவுச் சிப்புகள் வேறு, மின்சாரம் ஊட்டும் உறுப்புகள் வேறு. பயாஸ் என்னும் அடிப்படை நிரலும் புதிய சிப்பை அடையாளம் காண வேண்டும். வெப்பத்தைக் கடத்தும் செப்புக் குழாய்களோ பழைய சிப்பின் அளவுக்கே வார்க்கப்பட்டவை. வீட்டின் தூணை மாற்ற முயல்வது போன்றதே இது.

“நான் பார்த்தே மாற்றியிருக்கிறார்கள்” என்று மூத்த அன்பர்கள் சிலர் வாதிப்பர். அவர்கள் கூற்றும் பொய்யன்று. 2013இல் வந்த இன்டெல் நான்காம் தலைமுறை வரையில் பல மடிக்கணினிப் பிராசஸர்கள் கழற்றி மாட்டும் வகையாக இருந்தன. பெயரின் இறுதியில் ‘எம்.க்யூ.’ என்றிருந்தால் கழற்றலாம், ‘எச்.க்யூ.’ என்றிருந்தால் பற்றவைத்தது. அதற்கடுத்த தலைமுறையோடு அவ்வழக்கம் ஏறக்குறைய ஒழிந்தது. கிராபிக்ஸுக்கும் 2004இல் என்விடியா நிறுவனம் ‘எம்.எக்ஸ்.எம்.’ என்ற கழற்றும் அட்டை முறையைக் கொணர்ந்தது. அதுவும் இன்று அருகிவிட்டது.

பெரிய நிறுவனமே வாக்களித்தும் சிக்கிய கதை ஒன்றுண்டு. 2019இல் டெல் நிறுவனம் ஏலியன்வேர் ஏரியா-51எம் என்ற கனத்த மடிக்கணினியை, பிராசஸரையும் கிராபிக்ஸையும் மாற்றிக்கொள்ளலாம் என்று விளம்பரப்படுத்தி விற்றது. அடுத்த தலைமுறைச் சிப்புகள் வந்தபோது அவை இதில் பொருந்தவில்லை என்று வாங்கியவர்கள் குறைப்பட்டனர். 2021இல் கலிபோர்னியாவில் வழக்கும் தொடரப்பட்டது. மறுபுறம், பிரேம்வொர்க் என்ற அமெரிக்க நிறுவனம் 2024 முதல் விற்கும் 16 அங்குல மடிக்கணினியில் கிராபிக்ஸ் பகுதியைப் பின்புறமாகக் கழற்றலாம். 2025இல் அதே இடத்தில் பொருந்தும் புதிய பகுதியையும் வெளியிட்டது. ஆகவே இயலவே இயலாது என்று நாம் கூறவில்லை. அதற்கென்றே அமைத்த பொறியில்தான் இயலும்.

அப்படியானால் பழைய பொறிக்கு என்ன செய்யலாம்? முதலில் தூசு. சித்தூர்க் கோடையில் காற்றுத்துளை அடைத்த மடிக்கணினி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விசிறியைத் துடைத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைப் புதுப்பித்தால் போன வேகம் ஓரளவு திரும்பும். கட்டில் மெத்தையின் மேல் வைத்து விளையாடும் பிள்ளைகளைப் பெற்றோர் கண்டிப்பாராக! அடுத்து ராம். 8 ஜி.பி. ஒரே குச்சியாக இருந்தால், இன்னொரு 8 சேர்த்து இரண்டாக்குவது கண்கூடான பயன் தரும். ஆனால் சிலவற்றில் ராமும் பற்றவைக்கப்பட்டிருக்கும். மாடல் எண்ணைக் கொண்டு உற்பத்தியாளரின் கையேட்டில் பார்த்த பின்பே பணம் எடுக்க வேண்டும். பழைய சுழல்தட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்தினாலும் கணினி இளமை பெறும்; விளையாட்டின் படவேகம் மட்டும் அதனால் பெரிதாக ஏறாது. தண்டர்போல்ட் துளை உடையவர்கள் வெளிப் பெட்டியில் மேசைக் கணினியின் கார்டைப் பொருத்தி இணைக்கலாம். ஆனால் பெட்டி, கார்டு இரண்டின் விலையையும் கூட்டிப் பார்த்தால் தலை சுற்றும்.

புதிதாக வாங்குவோர் பெயரைக் கண்டு மயங்க வேண்டா. மடிக்கணினியின் ஆர்.டி.எக்ஸ். 4090 உள்ளே இருப்பது மேசைக் கணினியின் 4080இல் உள்ள சிப்பே. ஆர்.டி.எக்ஸ். 4060 என்ற ஒரே பெயரில் 35 வாட் முதல் 115 வாட் வரை வெவ்வேறு வலிமையுள்ளவை விற்கப்படுகின்றன. எத்தனை வாட் என்று கேளாமல் வாங்குவது, எடை பாராமல் தங்கம் வாங்குவதற்கு ஒப்பாகும்.

அன்பரின் பொறியை நாம் சென்னை ரிச்சி தெருவுக்கு எடுத்துச் சென்று காட்டினோம். வானொலி உதிரிப்பாகக் காலந்தொட்டுப் பேர்போன தெரு அது. மதர்போர்டு முழுவதையும் மாற்ற வேண்டும், இந்தப் பொறிக்கு அது கட்டாது என்று கைவிரித்தனர். எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி ஒரு சிறு உறையில் இட்டு வேறொரு கணினியில் செருகிப் பார்த்தோம். பையனின் மூன்றாண்டுப் பாடக்குறிப்புகளும் புராஜெக்ட் வேலையும் சேதமின்றி இருந்தன. அன்று மாலை அவன் இரண்டு தோசை கூடுதலாக உண்டான் என்று அம்மையார் தொலைபேசியில் தெரிவித்தார். பணம் திரும்பவில்லை. அன்பரின் இளைய மகள் தெலுங்கு வழிப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். இனி எந்தக் கடைச்சீட்டையும் அவள் படித்துக் காட்டிய பின்பே கையெழுத்திடுவதென்று வீட்டில் முடிவாகியிருக்கிறதாம்.