பனிக்குப் பாஸ்போர்ட் கிடையாது

2025 ஜூலை 8-ஆம் தேதி விடிவதற்குள் நேபாளத்தின் ரசுவா மாவட்டத்தில் லெண்டே ஆறு பொங்கிப் பாய்ந்தது. நேபாளத்தையும் சீனாவையும் இணைத்த நட்புறவுப் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. அப்படியொரு வெள்ளம் வருமளவுக்கு மழை பெய்திருக்கவில்லை. காரணம் பிறகு செயற்கைக் கோள் படங்களில் தெரிந்தது: எல்லைக்கு அந்தப் பக்கம், திபெத்தில் ஒரு பனியாற்றின் மேல் தேங்கியிருந்த ஏரி வடிந்துவிட்டிருந்தது. படங்களை ஆராய்ந்து இதைச் சொன்னது காத்மாண்டுவில் உள்ள மலைப்பகுதி மேம்பாட்டுக்கான சர்வதேச மையம். பாலம் போன பிறகு.

உலகின் பனியைக் கண்காணிக்கும் பணியின் இன்றைய நிலைமை ஏறக்குறைய இதுதான். நடந்து முடிந்ததை விளக்குவதில் தேர்ந்துவிட்டோம். நடக்கப்போவதை அண்டை நாட்டிடம் சொல்வதில்தான் தயக்கம்.

இத்தனைக்கும் இந்த ஒத்துழைப்பு நேற்று தொடங்கியதல்ல. 1894-இல் ஜூரிச்சில் கூடிய சர்வதேச நிலவியல் மாநாடு, பனியாறுகளை அளப்பதற்கென்றே ஒரு குழுவை அமைத்தது. அதன் வாரிசான உலகப் பனியாறு கண்காணிப்புச் சேவை இன்று அதே நகரிலிருந்து இயங்குகிறது. எந்தப் பனியாறு ஒரு வருடத்தில் எவ்வளவு பனியைச் சேர்த்தது, எவ்வளவு இழந்தது என்ற வரவு செலவுக் கணக்கை அது பல நாடுகளிலிருந்தும் திரட்டுகிறது. கணக்கெடுக்கும் முறை எளிது. பனியில் துளையிட்டுக் கழிகளை நடுவார்கள். அடுத்த வருடம் போய், கழி எவ்வளவு வெளியே நீண்டிருக்கிறது என்று அளப்பார்கள். ஹிமாச்சலப் பிரதேசத்தின் சோட்டா ஷிக்ரி பனியாற்றில் 2002 முதல் இந்திய, பிரெஞ்சு விஞ்ஞானிகளின் கூட்டு முயற்சியில் இத்தகைய கணக்கு எடுக்கப்பட்டு வருகிறது.

ஆனால் இமயமலை வட்டாரத்தில் பல்லாயிரம் பனியாறுகள் உள்ளன. இப்படித் தொடர்ச்சியாக அளக்கப்பட்டவை மிகச் சில. அளவு இல்லாத இடத்தில் ஊகம் குடியேறும். இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துவிடக்கூடும் என்று ஐ.நா.வின் பருவநிலை மாற்றத்துக்கான குழு 2007 அறிக்கையில் எழுதியதும், ஆதாரமில்லை என்று 2010-இல் பின்வாங்கியதும் அப்படித்தான். அதற்காக அபாயம் பொய் என்று ஆகிவிடாது. 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில், அதற்கு முந்தைய பத்தாண்டைவிட 65 சதவீதம் வேகமாகப் பனி கரைந்தது என்று காத்மாண்டு மையத்தின் 2023 அறிக்கை கூறுகிறது.

கருவிகளுக்குக் குறைவில்லை. 2025 ஜூலை 30-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நைசார் செயற்கைக் கோளில் நாசாவின் ரேடார் ஒன்றும் இஸ்ரோவின் ரேடார் ஒன்றும் உள்ளன. மேகம் மறைத்தாலும் இரவானாலும் பார்க்கக்கூடியவை. 12 நாட்களுக்கு ஒரு முறை அதே இடத்தைப் படம் பிடித்து, பனி நகர்வதையும் நிலம் அசைவதையும் காட்டும் வகையில் இது வடிவமைக்கப்பட்டது. விவரங்களை எல்லோருக்கும் இலவசமாகத் தருவதென்பது திட்டம். வாஷிங்டனும் பெங்களூரும் கைகோக்க முடிகிறது. ஒரே மலையின் இரு சரிவுகளில் இருப்பவர்களுக்குத்தான் முடியவில்லை.

சட்லெஜ் நதியின் வெள்ள விவரங்களைத் தருவதற்குச் சீனா இந்தியாவுடன் செய்துகொண்ட உடன்பாடு 2020-இல் காலாவதியானது; பிரம்மபுத்திரா பற்றியது 2023-இல். இந்தியாவும் சளைத்ததல்ல. சிந்து, கங்கை, பிரம்மபுத்திரா படுகைகளின் நீரோட்ட விவரங்களை நெடுங்காலமாக ரகசியப் பட்டியலில் வைத்து வந்திருக்கிறது. பாகிஸ்தானுடனான 1960-ஆம் வருட சிந்து நதி ஒப்பந்தத்தை 2025 ஏப்ரலில் நிறுத்திவைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், அவசர நிலைகளில் மனிதாபிமான அடிப்படையில் நதி விவரங்களைத் தருவதாகச் சீனா இந்தியாவிடம் ஒப்புக்கொண்டது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் பனி ஏரி விஷயத்தில் இது போதாது. ஏரி உடைவதைக் கண்டு, அவசரம்தான் என்று அதிகாரிகள் முடிவு செய்வதற்குள் வெள்ளம் ஊரைக் கடந்திருக்கும். அமைதியான நாட்களிலும் விவரம் வந்துகொண்டிருந்தால்தான் எது அவசரம் என்றே தெரியும்.

ஒரே நாட்டுக்குள்ளும் தாமதம் என்ன செய்யும் என்பதற்கு சிக்கிம் சாட்சி. தெற்கு லோனாக் ஏரி உடையலாம் என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்தார்கள். 2023 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் உதவியோடு அங்கே கேமராவும் வானிலைக் கருவிகளும் வைக்கப்பட்டன. கீழே உள்ளவர்களை எழுப்பக்கூடிய எச்சரிக்கை ஏற்பாடு இனிமேல்தான் வரவேண்டியிருந்தது. அக்டோபர் 3-ஆம் தேதி இரவு ஏரி உடைந்தது. சுங்தாங்கில் இருந்த 1,200 மெகாவாட் தீஸ்தா மின்திட்டத்தின் அணை அடித்துச் செல்லப்பட்டது. பலர் உயிரிழந்தார்கள்.

2025-ஐ சர்வதேசப் பனியாறு பாதுகாப்பு ஆண்டாகவும், மார்ச் 21-ஐ உலகப் பனியாறு தினமாகவும் ஐ.நா. அறிவித்தது. தினங்களும் ஆண்டுகளும் தவறில்லை. ஆனால் இமயமலை அரசுகள் செய்ய வேண்டியது அதைவிடச் சிறிய காரியம்: எல்லைப் பேச்சு நடந்தாலும் முறிந்தாலும், மேட்டில் உள்ள ஏரியின் மட்டத்தைப் பள்ளத்தில் உள்ளவருக்குத் தினமும் தெரிவிப்பது. எந்த ராணுவ ரகசியமும் அதில் இல்லை. ஓடி மேடேறுவதற்குச் சில மணி நேரம் கிடைக்கும். அவ்வளவுதான்.