பாட்டியின் ஊசியைப் பேரன் போட்டுக்கொள்ள முடியாது

"பிள்ளைகள் எல்லாரும் ஊசி போட்டாயிற்று, வீட்டோடு இருக்கும் பாட்டிக்கு எதற்கு?" மலேசியாவில் கோவிட் தடுப்பூசித் திட்டம் 2021 பிப்ரவரி 24இல் தொடங்கிய காலத்திலிருந்து காதில் விழும் கேள்வி இது. இன்று சளிக்காய்ச்சல் ஊசிக்கும் இதையே கேட்கிறார்கள். தாசேக் கெலுகோர் போன்ற ஊர்களில் மூன்று தலைமுறை ஒரே கூரையின்கீழ் வாழும் வீடுகள் இன்னும் உண்டு. மகன் வேலைக்குப் போகிறார், பேத்தி பள்ளிக்குப் போகிறாள். பாட்டி எங்கும் போவதில்லை. கிருமிதான் அவரைத் தேடி வருகிறது. ஆகவே குடும்பத்தில் முதல் ஊசி அவருக்கே என்கிறோம்.

கோவிட் கிருமியின் டெல்டா திரிபு பரவிய காலத்தில், தொற்று கண்டவர்களோடு ஒரே வீட்டில் வசித்த 205 பேரை லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் கவனித்தார்கள். முடிவு 2021 அக்டோபரில் வெளியானது. முழுமையாக ஊசி போட்டிருந்த வீட்டாரில் 25 விழுக்காட்டினருக்கும் போடாதவர்களில் 38 விழுக்காட்டினருக்கும் நோய் தொற்றியிருந்தது. ஆனால் நோயைக் கொண்டுவந்தவர் ஊசி போட்டிருந்தாரா என்பது பெரிய வேறுபாட்டைத் தரவில்லை. போட்டவருடன் இருந்தவர்களில் 25 விழுக்காடு, போடாதவருடன் இருந்தவர்களில் 23. மகனுக்குத் தொற்றிவிட்ட பிறகு அவர் போட்ட ஊசியை நம்பித் தாயை விட்டுவைக்க முடியாது.

அப்படியானால் இளையவர்கள் போட்டு என்ன பயன் என்று கேட்கலாம். தொற்றே வராதவர் வீட்டுக்கு எதையும் கொண்டுவர மாட்டார் என்பதே பயன். டெல்டாவுக்கு முன் இங்கிலாந்தில் நடந்த ஆய்வில், ஊசி போட்டு 21 நாள் கடந்தவர்களிடமிருந்து வீட்டாருக்குப் பரவியது 40 முதல் 50 விழுக்காடு குறைவாக இருந்தது. கிருமி உருமாறியதும், ஊசியின் வலு மாதங்கள் செல்லச் செல்லத் தணிந்ததும் அந்தப் பலனைக் குறைத்தன. 205 பேர் சிறிய எண்ணிக்கை என்பதும் சரியே. துல்லியமான இடைவெளியை அதைக்கொண்டு அறுதியிட முடியாது. ஆனால் கடுமையான நோயையும் மரணத்தையும் ஊசி வெகுவாகக் குறைக்கிறது என்பது மலேசியா உட்படப் பல நாடுகளில் உறுதியான உண்மை. "போட்டவருக்கும் வந்ததே" என்போர், வந்தபின் அவர் வார்டுக்குப் போனாரா, வீட்டிலேயே தேறினாரா என்றும் கேட்க வேண்டும்.

எனவே வீட்டில் யாருக்காவது இருமல் கண்டால் தனி அறை, முகக்கவசம், திறந்த சன்னல். அதற்கும் முன்பாக, மூத்தவர் கடைசியாக எப்போது ஊசி போட்டார் என்று பார்த்து, சுகாதாரக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். நடக்க முடியாதவர்களுக்கு 2021இல் நடமாடும் குழுக்கள் வீடு தேடிச் சென்று ஊசி போட்டன. அந்த ஏற்பாடு சளிக்காய்ச்சல் ஊசிக்கும் ஆண்டுதோறும் வேண்டும்.